கல்யாண வீடியோ எடிட்டிங் யூனிட்: 3 சிஸ்டம், வருஷத்துக்கு 40 டிபி. நாஸ் வாங்கலாமா, பேக்கப் எப்படி?

கொங்கு கட்ஸ்:

வணக்கம் நண்பர்களே. ஈரோட்டில் சின்ன எடிட்டிங் யூனிட். சொந்த ஷூட்டும் உண்டு, மற்ற ஸ்டுடியோக்கள் தரும் வேலையும் உண்டு.

எடிட்டர்கள் மூன்று பேர். இரண்டு விண்டோஸ் சிஸ்டத்தில் பிரீமியர் ப்ரோ, ஒரு மேக் மினியில் டாவின்சி ரிசால்வ் (கலர் முழுக்க அதில்தான்). கேமரா எல்லாம் சோனி, 4கே 25பி, 100 மெகாபிட். ரிசப்ஷன், முகூர்த்தம், ட்ரோன், போட்டோ ரா ஃபைல் எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்குச் சராசரி 600 ஜிபி வருகிறது. வருஷத்துக்கு 70 கல்யாணம்.

இப்போது எல்லாமே 4 டிபி, 5 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டி டிராயரில் வைத்திருக்கிறோம். ஹைலைட்ஸ் ஒருவர், ஃபுல் வீடியோ ஒருவர் என்று பிரித்தால் காப்பி போடுவதிலேயே அரை நாள் போய்விடுகிறது. இரண்டாவது காப்பி பாதி வேலைகளுக்குத்தான் இருக்கிறது.

பட்ஜெட் மூன்றரை லட்சம். கடையில் 4 பே நாஸ் (எல்லா சிஸ்டமும் நெட்வொர்க்கில் பகிரும் ஸ்டோரேஜ் பெட்டி, 4 டிஸ்க் போடலாம்), 10 ஜிகாபிட் (10ஜி) நெட்வொர்க் கார்டுகள், ஸ்விட்ச் சேர்த்து கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ரெய்டு 5 (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டுவிட்டால் தனியாக பேக்கப் தேவையில்லை என்கிறார்கள். இது சரியா? நாஸுக்குப் பதில் தண்டர்போல்ட் பெட்டி (ஒரு சிஸ்டத்தில் நேரடியாகச் செருகும் டிஸ்க் பெட்டி) வாங்கலாமா? எத்தனை டிபி போதும்? 10ஜி கட்டாயமா? கிளவுட் நம்ம ஊர் நெட்டுக்கு ஒத்துவருமா?


வட்டு வைத்தியர்:

தனியாக பேக்கப் தேவையில்லை என்று எழுதியிருக்கும் கொட்டேஷனை முதலில் மடித்து வையுங்கள். ரெய்டு 5 ஒரே ஒரு சூழ்நிலைக்குத்தான் உதவும்: ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. எடிட்டர் தவறான ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் மொத்தமாகப் பூட்டும். நாஸின் பவர் சப்ளை கோளாறாகி டிஸ்க்குகளையும் சேர்த்து எரித்தாலும், பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் முடிந்தது கதை. பேக்கப் என்றால் வேறு பெட்டியில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்கும் காப்பி.

அளவுக்கு வருவோம். 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா தலா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. மிச்சம் ட்ரோனும் போட்டோவும். ஆக உங்கள் 600 சரியான கணக்குதான், வருஷத்துக்கு 42 டிபி. ஆனால் 42 டிபியும் நாஸில் இருக்க வேண்டியதில்லை. டெலிவரிக்கு இரண்டு மாதம், அதன்பின் கரெக்‌ஷனுக்கு 90 நாள், மொத்தம் ஐந்து மாதம். 42-ஐ 12-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 17.5 டிபி. தை, மாசி, வைகாசி முகூர்த்த நெரிசலுக்குக் கூடுதலாகச் சேர்த்தால் 25 டிபி. நாஸ் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் மந்தமாகும். அதனால் உபயோகிக்கக் கிடைக்கும் இடம் 32 டிபியாவது வேண்டும்.

4 டிஸ்க் × 12 டிபி, ரெய்டு 5-இல் 36 டிபி கிடைக்கும். விண்டோஸ் அதை 32.7 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்க் கம்பெனிகள் ஆயிரத்தால் எண்ணுகின்றன, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

தண்டர்போல்ட் பெட்டி ஒருவருக்கு மட்டும் நன்றாக இருக்கும். மூன்று பேர் ஒரே கல்யாணத்தில் கை வைக்கிறீர்கள், உங்களுக்கு நாஸ்தான்.

இரண்டாவது காப்பிக்கு இன்னொரு நாஸ் வாங்கப் பட்ஜெட் இடம் தராது, தேவையும் இல்லை. 16 டிபி 3.5 இஞ்ச் டிஸ்க்குகளை வாங்கி யுஎஸ்பி டாக்கில் (வெறும் டிஸ்க்கைச் செருகும் ஸ்டாண்டு) செருகி எழுதுங்கள். ஒரு டிஸ்க்கில் 24 கல்யாணம் கொள்ளும் (14.4 டிபி, பத்து சதவீதம் காலி). வருஷத்துக்கு மூன்று டிஸ்க். இப்போதைக்கு இரண்டு போதும், மூன்றாவதை ஆவணி சீசனுக்கு முன் வாங்கிக்கொள்ளலாம். நிரம்பிய டிஸ்க் ஆபீசில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதுவே பேக்கப், இதுவே ஆர்க்கைவ்.

இன்னொன்று, இது தொழில்நுட்பம் இல்லை: ரா ஃபுட்டேஜை டெலிவரிக்குப் பின் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஆல்பத்தைப் பார்த்துவிட்டு "மாமா வீட்டு ஆளுங்க யாருமே வரலியே" என்று வருவார்கள். பில்லில் ஒரு வரி இல்லாவிட்டால் நீங்கள் ஆயுள் முழுக்க இலவச லாக்கர்.


கேபிள்காரன்:

10ஜி இப்போது வேண்டாம். காரணம் கணக்கிலேயே இருக்கு. ஒரு எடிட்டர் ரெண்டு கேமரா மல்டிகேம் ஓட்டினா விநாடிக்கு 25 எம்பி. மூணு பேருக்கு 75. டைம்லைனை இழுத்து ஸ்க்ரப் பண்றது, எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து ரெண்டு மடங்கு வச்சுக்கங்க, 150. சாதா ஜிகாபிட்டில் நடைமுறையில் 110 எம்பிதான் வரும், அதுவும் நாஸ் போர்ட்டை மூணு பேரும் பங்கு போட்டுக்கணும். அதனால ஜிகாபிட் பத்தாது. 2.5ஜியில் 280 வரைக்கும் வரும், உங்களுக்குத் தாராளம்.

கார்டிலிருந்து காப்பி வேகமா ஆகும்னு 10ஜி வாங்குறவங்க இருக்காங்க. யுஎச்எஸ்-1 வகை மெமரி கார்டு சாதா ரீடரில் 90 எம்பி அளவுதான் கொடுக்கும். பைப்பு பெருசா இருந்தும் குழாயடியில் சொட்டுதானே வரும். முதல்ல யுஎச்எஸ்-2 கார்டும் அதுக்கேத்த நல்ல ரீடரும் வாங்குங்க.

வாங்க வேண்டியது: 8 போர்ட் 2.5ஜி ஸ்விட்ச், ரெண்டு எஸ்எஃப்பி பிளஸ் 10ஜி போர்ட் இருக்கிற மாடலா பாருங்க, பிற்பாடு நாஸை மட்டும் 10ஜியில் இழுக்கலாம். விண்டோஸ் மதர்போர்டு சமீபத்தியதா இருந்தா 2.5ஜி ஏற்கெனவே இருக்கும். மேக் மினியில் 10ஜி ஆப்ஷன் போட்டு வாங்கலைன்னா ஜிகாபிட்தான், யுஎஸ்பி-சி 2.5ஜி அடாப்டர் ஒண்ணு போதும்.

நாஸ்ல நாலு ஜிகாபிட் போர்ட் இருக்கு, நாலையும் சேர்த்தா 4ஜின்னு கடையில் சொல்வாங்க. இப்படிச் சேர்க்கிற லிங்க் அக்ரிகேஷன்ல ஒரு சிஸ்டத்துக்குப் போற டேட்டா ஒரு கேபிள்லதான் போகும். மேனேஜ்டு ஸ்விட்ச் வேற வேணும். 2.5ஜி போர்ட் உள்ள நாஸே எடுங்க.

கேபிள் விஷயத்தில் ஏமாறாதீங்க. கேட்6னு அச்சடிச்சு அலுமினியத்து மேல தாமிரம் பூசின கேபிள் நிறைய விக்குது. கம்பியோட தோலை உரிச்சு கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். ஜிகாபிட்ல ஒப்பேத்தும், 2.5ஜில லிங்க் அடிக்கடி விழும், இல்லைன்னா சத்தமில்லாம 1ஜிக்கு இறங்கி நிக்கும். வைஃபையில் எடிட் பண்ற யோசனை இருந்தா இன்னைக்கே விட்டுருங்க.


ரெண்டர் ராத்திரி:

வேகம் பற்றி ஒரு இடைச்செருகல். "டைம்லைன் திக்குது, ஸ்டோரேஜ் ஸ்லோ" என்று நாஸை மாற்றுபவர்கள் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு பிளே செய்து பாருங்கள். நெட்வொர்க் 15 எம்பியில் படுத்திருக்க, சிபியு 100-ஐத் தொட்டால் குற்றவாளி டிகோடிங் (சுருக்கிய வீடியோவை விரித்துப் படிக்கும் வேலை). குறிப்பாக நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 ஃபைல்கள்: என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் இதை ஹார்டுவேரில் திறக்காது. அதற்கு மருந்து ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் சிறிய காப்பி. 1080பி ப்ராக்ஸி போட்டு எடிட் செய்தால் பழைய ஜிகாபிட்டிலேயே மூன்று பேர் ஓட்டலாம்.

மீடியா கேஷ், பீக் ஃபைல், ரிசால்வ் ரெண்டர் கேஷ் (மென்பொருள் தானே உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள்) மூன்றையும் அந்தந்த சிஸ்டத்தின் என்விஎம்இ எஸ்எஸ்டியில் வையுங்கள். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் நாஸுக்குப் போனால் ஹார்ட் டிஸ்க் ஹெட் அங்குமிங்கும் அலைந்தே நேரம் போகும். மற்ற இரண்டு பேருக்கும் பிளேபேக் கெடும். பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், மீடியா கேஷ் பகுதியில் பழைய கேஷைத் தானாக அழிக்கச் சொல்லிவிடலாம்.

இனி, டேட்டா போவது பெரும்பாலும் எங்கே என்றால், கார்டைக் காப்பி செய்யும் அந்த அரை மணி நேரத்தில்.

சோனி கார்டில் வீடியோ பிரைவேட் > எம்4ரூட் > கிளிப் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபைல் பெயர் சி0001, சி0002. கேமரா ஏ-யிலும் சி0001, கேமரா பி-யிலும் சி0001, ஃபார்மேட் செய்த அடுத்த கார்டிலும் மறுபடி சி0001 வரலாம். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் இழுத்துப் போட்டால் விண்டோஸ் ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அசிஸ்டென்ட் யெஸ் டு ஆல் அடித்தால் தாலி கட்டிய ஷாட்டின் மேல் சாப்பாட்டுப் பந்தி உட்கார்ந்துவிடும். அதனால் கிளிப்பை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டு முழுவதையும் அப்படியே தனி ஃபோல்டரில் இறக்குங்கள். ஃபோல்டர் பெயர்: வருடம்-மாதம்-தேதி, வேலை எண், கேமரா ஏ அல்லது பி, கார்டு எண். ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சிறப்புக் குறிகளும் இல்லாமல் வையுங்கள். மேக்கும் விண்டோஸும் சண்டை போடாது. புதிய சோனி பாடிகளில் வீடியோ ஃபைல் பெயருக்கு முன் டைட்டில் சேர்க்கும் வசதி உண்டு, ஒவ்வொரு கேமராவுக்கும் வேறு வேறு டைட்டில் வைத்துவிடுங்கள்.

சாதாரணக் காப்பி-பேஸ்ட் முடிந்தது என்பதற்கு ஃபைல் சரியாக வந்தது என்று அர்த்தமில்லை. விண்டோஸில் டெராகாப்பி, வெரிஃபை ஆன் செய்து. மேக்கில் ரிசால்வின் மீடியா பேஜில் க்ளோன் டூல் இருக்கிறது. ஒரே மூச்சில் நாஸுக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் செக்சம் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) பார்த்து இறக்கும், இலவசப் பதிப்பிலேயே உண்டு. இரண்டு இடத்திலும் வெரிஃபை முடியும்வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. நிரம்பிய கார்டை கேமராவிலிருந்து எடுத்ததும் அதன் பக்கவாட்டு லாக்கைக் கீழே தள்ளிவிடுவது நல்ல பழக்கம். ஃபார்மேட் எப்போதும் கேமராவில்தான், கம்ப்யூட்டரில் வேண்டாம்.


கொங்கு கட்ஸ்:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். (1) ரெய்டு 5 போதுமா, 6 வேண்டுமா? (2) கையில் இருக்கும் போர்ட்டபிள் டிஸ்க்குகளை என்ன செய்வது? 20-க்கு மேல் இருக்கின்றன. (3) இங்கே கரண்ட் அடிக்கடி போகும், ஆபீசில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அது போதுமா? டேப் (காந்த நாடாவில் பேக்கப்) பற்றியும் ஒருவர் சொன்னார்.


பூஜ்யம்ஒன்று:

வட்டு வைத்தியரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். 12 டிபி டிஸ்க் ஒன்று போனால், புது டிஸ்க்கில் மறுபடி கட்டுவதற்கு (ரீபில்டு) யாரும் தொடாமல் இருந்தாலே 17, 18 மணி நேரம் ஆகும். எடிட்டிங்கும் நடந்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மீதி மூன்று டிஸ்க்குகளும் முதல் செக்டர் முதல் கடைசி செக்டர் வரை படிக்கப்படும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய, ஒரே வயதுள்ள டிஸ்க்குகள் அவை. இரண்டாவது ஒன்று இழுத்துக்கொண்டால் ரெய்டு 5 போச்சு. 5 பே பெட்டி எடுத்து 5 × 12 டிபி, ரெய்டு 6 போடுங்கள், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். இடம் அதே 36 டிபி, ஒரு டிஸ்க் காசுதான் கூடுதல். 10ஜியை விட்டுவிட்டீர்கள், அந்தக் காசு இங்கே வரட்டும்.

டிஸ்க் தேர்வில் ஒன்றே ஒன்று முக்கியம்: சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை) ஆக இருக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு வரியை மாற்ற அடுத்தடுத்த வரிகளையும் திருப்பி எழுத வேண்டும். ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் நாஸ் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். 2020-இல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளிவந்து பெரிய ரகளையானது. அதன்பின் ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். பிளஸ், ப்ரோ இரண்டும் சிஎம்ஆர். சீகேட் ஐயன்வுல்ஃப் சிஎம்ஆர். சீகேட் பாரகூடா 8 டிபி எஸ்எம்ஆர், நாஸில் போடாதீர்கள்.

உங்கள் டிராயரில் இருக்கும் 2.5 இஞ்ச் 4, 5 டிபி போர்ட்டபிள்கள் எல்லாமே எஸ்எம்ஆர்தான். காப்பி ஆரம்பத்தில் 120 எம்பியில் பாய்ந்து, பிறகு 30-க்கு இறங்கி நிற்பது அதனால்தான். கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கழற்றி நாஸில் போடும் எண்ணமும் வேண்டாம். சில மாடல்களில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், உள்ளே சாட்டா இணைப்பே இருக்காது. அந்த சாக்கெட் ஆட்டம் கண்டால் டேட்டா எடுக்கப் பெரிய செலவு.

டிஸ்க் வாங்கியதும் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு இந்திய வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிநேரக் கணக்கை அழித்துப் புதிது என்று விற்றது ஜெர்மனியில் அம்பலமானது. சாதாரண ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் அறிக்கை) பூஜ்யம் காட்டும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் சீகேட்டின் ஃபார்ம் லாக் எடுத்தால் நிஜ ஓட்டம் தெரியும். நாஸில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எக்ஸ்டென்டட் ஸ்மார்ட் டெஸ்ட் ஓட்டுங்கள். 12 டிபிக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அதன் பின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 5, 197, 198 எண்ணுள்ள வரிகளில் (கெட்ட செக்டர் கணக்கு) பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். 199 ஏறினால் டிஸ்க் நல்லது, கேபிள் அல்லது பே தொடர்பு கெட்டது.

இன்வெர்ட்டர் போதாது. மாறும் அந்த நொடித்துளியில் சில பவர் சப்ளை தாங்கும், சில தாங்காது. அதைவிடப் பெரிய குறை, பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்ல அதற்கு வாய் கிடையாது. யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்கி, அந்தக் கேபிளை நாஸில் செருகுங்கள். கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் நாஸ் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி செட் செய்யலாம். மலிவான 600 விஏ மாடல்கள் பலவற்றில் அந்தப் போர்ட் இருக்காது, பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 5 பே நாஸ் 60 வாட் அளவுதான் இழுக்கும், எடிட்டிங் சிஸ்டத்தை அதே யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

டேப் உங்கள் அளவுக்கு வேண்டாம். எல்டிஓ-8 டேப் ஒன்றில் 12 டிபி, எல்டிஓ-9-இல் 18 டிபி கொள்ளும்; டேப் மலிவு, ஆனால் அதை ஓட்டும் ட்ரைவ் உங்கள் மொத்த பட்ஜெட்டையும் தின்றுவிடும். ரா ஃபுட்டேஜை ஐந்து, பத்து வருஷம் வைத்திருக்க வேண்டிய சேனல், டாக்குமென்டரி ஆட்களுக்கு அது.


வட்டு வைத்தியர்:

5 பே, ரெய்டு 6, சரி, ஏற்கிறேன். பேக்கப் டிஸ்க் வாங்க மிச்சம் இருந்தால் மட்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ரெய்டு 5-ம் முழு பேக்கப்பும்.

பிராண்ட் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. சினாலஜி மென்பொருள் சுலபம். 2025 மாடல்களில் தங்கள் டிஸ்க்கையே போட வேண்டும் என்று கெடுபிடி கொண்டுவந்து, எதிர்ப்பு வலுத்ததும் அதே வருஷம் அக்டோபரில் தங்கள் நாஸ் மென்பொருளான டிஎஸ்எம் 7.3-இல் தளர்த்தினார்கள். ஆகவே பழைய பதிப்போடு வரும் பெட்டியில் முதலில் அப்டேட். க்யூநாப் அதே காசுக்கு வேகமான போர்ட்களைத் தரும், ஆனால் 2021-இல் க்யூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்களை வைத்து இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டினார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரவுட்டரில் யுபிஎன்பியை (வெளிவாசலைத் தானாகத் திறக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், போர்ட் ஃபார்வேர்டிங் (அதை நாமே திறந்துவிடுவது) கூடாது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் டெய்ல்ஸ்கேல் மாதிரி விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு).

சினாலஜி எடுத்தால் வால்யூமை பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் அமையுங்கள். ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போதே டேட்டா செக்சம் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பிறகு மாற்ற முடியாது, ஃபோல்டரைப் புதிதாகத் திறந்து எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), ஃபுட்டேஜுக்கு நாளுக்கு ஒன்று, 14 நாள் வைத்திருங்கள். ஒரு கல்யாணத்தை அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று பதறாதீர்கள், கடைசி ஸ்னாப்ஷாட் காலாவதியாகும்வரை அந்த 600 ஜிபி உள்ளேதான் இருக்கும். எடிட்டர்களுக்கு அட்மின் லாகின் தராதீர்கள். அட்மின் பாஸ்வேர்டு எடிட்டிங் சிஸ்டத்தில் சேவ் ஆகியிருந்தால் ரான்சம்வேர் ஸ்னாப்ஷாட்டையும் அழித்துவிட்டுத்தான் பூட்டும்.

விண்டோஸ் 11 24எச்2 ப்ரோவில் செட்டிங்கை மாற்றாவிட்டால் கெஸ்ட்டாக (பாஸ்வேர்டு இல்லாமல்) நாஸுக்குள் நுழைய முடியாது. ஆளுக்கொரு யூசர் பெயர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டு விண்டோஸிலும் நாஸுக்கு ஒரே டிரைவ் எழுத்து கொடுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டம் மாறும்போதெல்லாம் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக வரும்.


ரெண்டர் ராத்திரி:

கிளவுட் கேள்விக்கு யாரும் வரவில்லை. 100 மெகாபிட் அப்லோடு இருந்தால் மணிக்கு 45 ஜிபி போகும். அந்த வேகம் இருந்தும் பயனில்லை: பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3.3 டிபி தாண்டினால் வேகத்தை நறுக்கிவிடுவார்கள், அப்லோடும் அதில் சேர்த்தி. 42-ஐ 3.3-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 13 மாதம். ஒரு வருஷ ஃபுட்டேஜை ஏற்ற ஒரு வருஷத்துக்கு மேல்.

ஆகவே ராவை ஏற்றாதீர்கள். ஃபைனல் மாஸ்டர், ப்ராஜெக்ட் ஃபைல், தேர்ந்தெடுத்த போட்டோக்கள் மட்டும். மூன்று மணி நேர ஃபுல் வீடியோ 30 மெகாபிட்டில் 40 ஜிபி, ஹைலைட்ஸ் சேர்த்து 50. வருஷத்துக்கு 3.5 டிபி. பேக்பிளேஸ் பி2 2023 அக்டோபரில் டிபிக்கு மாதம் 6 டாலர் என்று வைத்தார்கள்; அந்தக் கணக்கில் வருஷக் கடைசியில் மாதம் 21 டாலர். வாங்கும் அன்று விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெர்சனல் பேக்கப் பிளான் இதைவிட மலிவு, ஆனால் நாஸை எடுத்துக்கொள்ளாது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் சேமிக்கும் விலை ரொம்பக் குறைவு. 180 நாள் குறைந்தபட்சக் கட்டணம், திரும்ப எடுக்க 12 மணி நேரக் காத்திருப்பு, இறக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு. வீடு எரிந்தால் மட்டும் தொடும் காப்பிக்குச் சரி.

சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் பயன்படுத்தினால் மல்டி வெர்ஷனில் (பழைய நிலைகளையும் சேர்த்து) எழுதியதை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் நேராகத் திறக்க முடியாது, ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருள் வேண்டும். டாக் டிஸ்க்கில் சாதாரண ஃபோல்டராகவே வைத்திருங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிப் படிக்கலாம். டிஸ்க்கை எந்த முறையில் ஃபார்மேட் செய்வது என்றால், விண்டோஸிலிருந்து எழுதினால் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் (பாதியில் நின்றதைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது, எழுதும்போது கேபிள் உருவினால் ஃபோல்டரே காணாமல் போகும். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. அதனால் க்ளோன் டூலில் இறக்கினால் டாக்கை விண்டோஸுக்கு மாற்றி, நாஸிலிருந்து டெராகாப்பியில் இரண்டாம் காப்பி எடுங்கள். அதுவரை கார்டு ஃபார்மேட் இல்லை.

ரோபோகாப்பி (விண்டோஸின் காப்பி கட்டளை) மிரர் போட்டு தினமும் ஓடவிடும் யோசனை யாராவது சொல்வார்கள். நாஸில் அழிந்தது பேக்கப்பிலும் அழியும், அதுவும் ராத்திரி தானாக. கல்யாண ஃபுட்டேஜ் மாறாத டேட்டா. ஒருமுறை எழுதி வெரிஃபை செய்து மூடிவிடுவதே சரி.


பூஜ்யம்ஒன்று:

ரிசால்வ் ஆட்கள் எல்லோரும் மறப்பது: ப்ராஜெக்ட் ஃபுட்டேஜ் ஃபோல்டருக்குள் இருக்காது. ப்ராஜெக்ட் லைப்ரரி மேக்கின் உள் டிஸ்க்கில் தனியாக இருக்கும். 30 டிபி ஃபுட்டேஜும் பத்திரமாக இருக்க, மேக் எஸ்எஸ்டி போனால் கலர் வேலை முழுதும் போகும். பிரிஃபரன்ஸஸில் ப்ராஜெக்ட் பேக்கப்ஸை ஆன் செய்து அதன் இடத்தை நாஸுக்குக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ப்ராஜெக்ட் மேனேஜரிலிருந்து லைப்ரரியையே பேக்கப் எடுங்கள். லைப்ரரியை நாஸ் ஷேரில் வைத்து இரண்டு சிஸ்டத்தில் திறப்பது கூடாது, கெடும். அதற்கு ரிசால்வ் ப்ராஜெக்ட் சர்வர் இருக்கிறது, இலவசம்.

பிரீமியரில் இரண்டு பேர் ஒரே ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தால் கடைசியாக சேவ் செய்தவர் மற்றவர் வேலையை அழிப்பார். புரொடக்‌ஷன்ஸ் முறையில் அமைத்தால் ஒருவர் திறந்த ப்ராஜெக்ட்டை மற்றவருக்குப் பூட்டிக் காட்டும்.


கொங்கு கட்ஸ்:

தெளிவாகிவிட்டது. 5 பே, 5 × 12 ரெய்டு 6, 2.5ஜி ஸ்விட்ச், 16 டிபி இரண்டு, டாக், யுபிஎஸ். ஆடியில் வேலை குறைவு, அப்போது வாங்கிப் பழைய டிஸ்க் எல்லாவற்றையும் நாஸுக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன்.


வட்டு வைத்தியர்:

நாஸ் ஆடி வரை காத்திருக்கலாம். டாக்கும் 16 டிபி டிஸ்க்கும் இந்த வாரமே வாங்குங்கள், ஒற்றைக் காப்பியில் நிற்கும் டெலிவரி ஆகாத வேலைகளை முதலில் அதில் இறக்குங்கள்.

பழையது எல்லாவற்றையும் நாஸுக்குக் கொண்டுவராதீர்கள், இடம் பத்தாது. கரெக்‌ஷன் காலம் முடிந்தவற்றில் ஃபைனல் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை டிராயரிலேயே விடுங்கள். 5 டிபி டிஸ்க்கை 100 எம்பி வேகத்தில் படித்தாலும் 14 மணி நேரம், ராத்திரியில் ஒன்று என்று போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் இருக்கும் டிஸ்க்கைச் செருகி டெராகாப்பி சேமித்த செக்சம் ஃபைலை ஓட்டிப் பாருங்கள்; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், நின்ற வாக்கில் வையுங்கள்.

மாற்றும்போது ஏதாவது ஒரு போர்ட்டபிள் திடீரென 2, 3 எம்பிக்கு இறங்கி டக் டக் என்று சத்தம் கொடுத்தால், காப்பியை உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி முயன்றால் ஹெட் தட்டையே சுரண்டும். சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் விழுந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி முதலில் நல்ல பகுதிகளை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், விண்டோஸின் செக்டிஸ்க்கை அதன்மேல் ஓட்டாதீர்கள். சத்தம் வருகிறது என்றால் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம், கேபிளை உருவிவிட்டு ரெகவரி லேபுக்குக் கொடுங்கள்.